முந்திரியும் செவிடும்: தஞ்சைக் கணக்கு மரபில் பின்னங்களின் நிகர்மையும் ஒப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கணக்கு மரபின் கீழ்வாயிலக்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கிறது. ஒன்று, மிகச் சிறிய பின்னங்களைக் காட்டி வியப்பது. மற்றொன்று, வாய்பாட்டை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவது. இவ்விரு பார்வைகளும் ஒரே வினாவைத் தவறவிடுகின்றன: இரு பின்னங்கள் நிகரா அல்லவா, எது பெரிது எது சிறிது என்பதை அம்மரபு எவ்வாறு அறிந்தது? காவிரிப் படுகையின் நில அளவையும் நெல் அளவையும் இவ்வினாவுக்கு இரு வேறு விடைகளைத் தருகின்றன. நிலக் கணக்கின் ஏணி இரண்டாலும் ஐந்தாலும் ஆனது. நெற்கணக்கு அதனோடு மூன்றையும் சேர்த்துக்கொண்டது. முந்திரி, செவிடு என்னும் இரு சிற்றலகுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் அம்மரபின் வலிமையும் எல்லையும் ஒருசேரப் புலப்படும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கீழ்வாயிலக்கம், முந்திரி, செவிடு, மாகாணி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், நிகர் பின்னம், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்

1. முன்னுரை

சோழர் நிர்வாகம் பற்றி எழுதுவோர் பலரும் எடுத்துக்காட்டும் ஓர் எண் உண்டு. ஒரு வேலியின் 1/52,428,800,000 பங்கு வரை நிலம் அளந்து இறை கட்டப்பட்டது என்பதே அது. சோழர் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற இச்செய்தி, பின்னர் மேடைப் பேச்சுகளிலும் பாடநூல் ஓரக் குறிப்புகளிலும் தமிழரின் நுண்மைக்குச் சான்றாக வழங்கி வருகிறது. எண் சரியானதே. அதிலிருந்து பெறப்படும் பொருளே ஆய்வுக்குரியது.

பிற்காலத் தஞ்சை வழக்கில் பன்னிரண்டு அடிக்கோலால் அளந்த சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஆகவே வேலி 2,88,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். சோழர் காலக் கோலும் குழியும் இடத்துக்கு இடம் வேறுபட்டன எனினும் இங்கு வேண்டுவது தோராய அளவே. இவ்வேலியை 52,428,800,000 கூறு செய்தால் ஒரு கூறு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே வரும். ஒரு நெல்மணி கிடக்கும் இடத்தைவிட அது பன்மடங்கு சிறியது. எந்தக் கோலும் எந்தக் கயிறும் அதை அளந்திருக்க இயலாது. எனவே அது வயலில் அளந்து பெற்ற அளவன்று. ஓலையில் கணக்கிட்டுப் பெற்ற எச்சம்.

அவ்வெண்ணைப் பகுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 320ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கினால் 10,485,760,000 வரும். அதன் ஐந்து மடங்கே 52,428,800,000. 320 என்பது முந்திரியின் பகுதி. ஐந்து என்பது நாலுமாவின் பகுதி. அதாவது, அப்பின்னம் 'கீழ்' என்னும் படியில் நான்கு முறை இறங்கி, நாலுமாவில் வந்து நிற்கும் ஒரு தொகை. நிலத்தின் சிறுமையைக் காட்டிலும் கணக்கனின் ஒரு கட்டுப்பாட்டையே அது நமக்குச் சொல்கிறது: கூட்டியும் கழித்தும் வரும் இரு தொகைகள் எள்ளளவும் பிசகாமல் ஒன்றற்கொன்று நிகராக வேண்டும் என்னும் கட்டுப்பாடு. ஊரின் மொத்த நிலத்திலிருந்து நத்தம், கோயில், குளம், வாய்க்கால் முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து எஞ்சியதற்கு இறை கட்டும் கல்வெட்டுகளில் இதுவே நோக்கம். ஆகவே வியக்க வேண்டியது பின்னத்தின் சிறுமையை அன்று; நிகர்மை பற்றிய அம்மரபின் பிடிவாதத்தையே.

2. ஆய்வுப் பின்னணியும் வினாவும்

திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்ட கணக்குச் சுவடிகள் மூன்று: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. முதலாவது எண்களையும் கீழ்வாயிலக்கப் பின்னங்களையும், இரண்டாவது முகத்தலளவைகளையும், மூன்றாவது பெருக்கல் வாய்பாடுகளையும் பயிற்றுவன. இவற்றைக் கடந்த நிலையில் கணக்கதிகாரம் நிற்கிறது. காவிரி நாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனார் பெயரில் வழங்கும் இந்நூலின் பல்வேறு சுவடிகளை ஒப்பிட்டுச் சத்தியபாமா காமேஸ்வரன் உருவாக்கிய தொகுப்பு நூலைத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் 1998இல் வெளியிட்டது. நிலம், பொன், நெல், அரிசி, கல், கால் எனப் பொருள்வழியே கணக்கைப் பகுக்கும் இந்நூலின் அமைப்பே, எண் என்பது இம்மரபில் பொருளை விட்டுத் தனியே நில்லாதது என்பதைக் காட்டும்.

திண்ணைப் பள்ளியை மனப்பாடக் கூடமாகவே கண்டது காலனியக் கல்விப் பார்வை. அப்பார்வையை மறுத்து, நினைவு என்பது புரிதலுக்கு எதிரானதன்று, அது கற்றலின் ஒரு முறையே எனச் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் வாதிட்டுள்ளார். முற்கால நவீனத் தென்னிந்தியாவில் கணிதமும் சமூகமும் கொண்ட உறவு குறித்து 2022இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், கணக்கனையும் அளவுகாரனையும் மாணவனையும் கணித வரலாற்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. இக்கட்டுரை அம்முடிவை ஏற்கிறது. எனினும் நினைவில் நிறுத்தப்பட்டது எது, அதன் உள்ளமைப்பு எத்தகைய கணித உறவுகளைத் தாங்கியது என்னும் வினா இன்னும் விரிவாகக் கேட்கப்பட வேண்டியது. பின்னங்களின் நிகர்மை, ஒப்பீடு என்னும் இரு செயல்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வினாவை இங்கு எழுப்பலாம்.

3. பெயரே சமன்பாடு

இன்றைய பள்ளிக் கணிதத்தில் பின்னம் என்பது தொகுதி, பகுதி என்னும் இரு எண்களின் இணை. 1/2, 2/4, 5/10 என ஒரே அளவுக்கு எண்ணற்ற எழுத்துருவங்கள் உண்டு. ஆகவே அவை நிகரானவை என்பதை மாணவர் தனியே கற்க வேண்டியுள்ளது. கீழ்வாயிலக்கத்தில் நிலை வேறு. அங்கு ஒவ்வொரு பின்னத்துக்கும் பெயர் உண்டு. அப்பெயர்களில் பலவும் தம் பிறப்பைத் தாமே சொல்கின்றன.

பெயர் அமையும் முறை மூன்று வகைப்படும். முதலாவது, பெருக்கி அமைவது: அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது 1/8; அரைமா 1/40; அரைக்காணி 1/160. இரண்டாவது, மடங்காக அமைவது: இருமா 2/20, மும்மா 3/20, நாலுமா 4/20, முக்காணி 3/80. மூன்றாவது, கூட்டி அமைவது: மாகாணி. மா 1/20, காணி 1/80, இரண்டும் சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. இந்த மூன்றாம் வகையே ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. ஏனெனில் 1/16க்கு வீசம் என்னும் வேறொரு பெயரும் வழங்குகிறது. கால், அரைக்கால், வீசம் எனப் பாதி பாதியாக இறங்கி வருபவருக்கு அது வீசம். மா, காணி என இருபதின் வழியே வருபவருக்கு அதுவே மாகாணி. இருவேறு வழியில் வந்தோர் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர். நிகர் பின்னம் என்னும் கருத்து இங்கு விதியாக உரைக்கப்படவில்லை. ஒரு பொருளுக்கு இரு பெயர் என்னும் இயல்பான மொழி நிகழ்வாக அமைந்துவிட்டது. 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகள் சேர்க்கப்பட்டபோது மாகாணிக்கு இரு குறிகள் இடம்பெற்றதும் இங்கு நினையத்தக்கது.

இச்சந்திப்பு தற்செயலானதன்று. எல்லாப் பின்னங்களையும் முந்திரியாக மாற்றி நோக்கினால் ஓர் ஒழுங்கு தோன்றும். ஒன்று 320 முந்திரி. அரைக்காணி 2, காணி 4, அரைமா 8, மா 16, இருமா 32, நாலுமா 64. இது மாவின் வரிசை. மற்றொரு புறம் கால்வீசம் 5, அரைவீசம் 10, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80. இது அரையின் வரிசை. முதல் வரிசையின் ஒவ்வோர் உறுப்போடும் அதன் கால் பங்கைக் கூட்டினால் இரண்டாம் வரிசை பிறக்கிறது: காணியும் முந்திரியும் கால்வீசம், அரைமாவும் அரைக்காணியும் அரைவீசம், மாவும் காணியும் மாகாணி, இருமாவும் அரைமாவும் அரைக்கால், நாலுமாவும் மாவும் கால். இவ்வைந்து சமன்பாடுகளும் ஒரே உறவின் ஐந்து படிகள். அவற்றுள் நடுப்படியில் உள்ள மாகாணி மட்டுமே அவ்வுறவைத் தன் பெயரில் வெளிப்படையாகத் தாங்கி நிற்கிறது.

எண்சுவடியின் பின்ன வாய்பாடுகளை இந்நோக்கில் படித்தால் அவை வெறும் பெருக்கற் பட்டியல்களாகத் தோன்றா. மாகாணி வாய்பாட்டில் இரண்டு மாகாணி அரைக்கால். நான்கு மாகாணி கால். எட்டு மாகாணி அரை. இன்றைய எழுத்தில் இவை 2/16 = 1/8, 4/16 = 1/4, 8/16 = 1/2. மாணவன் வாய்விட்டுச் சொன்னது பெருக்கலை. நெஞ்சில் நின்றது நிகர்மை. ஐந்து மா என்று சொல்ல வேண்டிய இடத்தில் கால் என்று சொல்லும் பழக்கமும் இவ்வழியே வந்தது. பெரிய கூறு கிடைக்கும் இடத்தில் அதன் பெயரை முதலில் வைத்து, எஞ்சியதை அடுத்த சிறிய பெயராலும், அதன் பின்னர் எஞ்சியதை அதனினும் சிறிய பெயராலும் சொல்லி, இடையே ஏகாரம் இட்டு இணைப்பது கல்வெட்டு நடை. எட்டு மாவைக் 'காலே மும்மா' என்றும், பன்னிரண்டு மாவை 'அரையே இருமா' என்றும் கூறும் முறை இது. ஓர் அளவுக்கு ஒரு நிலைபெற்ற சொல்வடிவம் அமையுமிடத்தில் இரு தொகைகள் நிகரா என்னும் ஐயம் அவற்றை உச்சரித்த அளவிலேயே தீர்கிறது.

4. ஒப்பீட்டின் எளிமையும் சிக்கலும்

பின்னங்களை ஒப்பிடும்போது தொடக்கநிலை மாணவர் செய்யும் பிழைகளுள் பரவலானது, பகுதியின் பருமையைப் பின்னத்தின் பருமையாகக் கொள்வது. எட்டு நான்கினும் பெரிது; ஆதலால் 1/8 உம் 1/4இனும் பெரிது என்று எண்ணுவர். கால், அரைக்கால் என்னும் பெயர்களில் இப்பிழைக்கு இடமில்லை. அரைக்கால் என்னும் சொல்லுக்குள்ளேயே கால் இருக்கிறது. அதில் அரைதான் அது என்பதும் இருக்கிறது. மாகாணி மாவினும் பெரிது என்பதையும், எவ்வளவு பெரிது என்பதையும் அப்பெயரே உரைக்கிறது.

ஆனால் இவ்வெளிமையை மிகைப்படுத்தல் கூடாது. ஒரே வரிசைக்குள் நிற்கும்போதே பெயர் துணைசெய்கிறது. வரிசை மாறினால் துணை நீங்கிவிடும். அரைக்கால் பெரிதா, மும்மா பெரிதா? அரைக்கால் பெரிதா, இருமா பெரிதா? பெயரைக் கொண்டு மட்டும் இவற்றுக்கு விடை கூற முடியாது. மும்மா 48 முந்திரி, அரைக்கால் 40, இருமா 32 என்று கீழே இறங்கி வந்த பின்னரே வரிசை தெளிவாகிறது. இன்று நாம் மீச்சிறு பொது மடங்கு கண்டு பகுதிகளைச் சமமாக்குவதும் இதையே செய்கிறது. வேறுபாடு ஒன்றே. நாம் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பொதுப் பகுதியைப் புதிதாகத் தேடுகிறோம். அவர்கள் எல்லாக் கணக்குக்கும் ஒரே பொதுப் பகுதியை முன்கூட்டியே நிறுவிக்கொண்டனர். 320 போதாதபோது அதே 320ஐ மீண்டும் பயன்படுத்திக் 'கீழ்' என்றனர்: கீழ்முந்திரி 1/1,02,400. முந்திரியை மீண்டும் ஒன்றாகப் பாவித்து, அதே பெயர்களால் அதனைப் பகுக்கும் உத்தி இது. புதிய பெயர்கள் வேண்டாமலேயே ஏணி நீண்டுகொண்டு செல்லும்.

இம்முறையின் விலையும் இங்கேதான் உள்ளது. 320 என்பது இரண்டை ஆறு முறையும் ஐந்தை ஒரு முறையும் பெருக்கிப் பெற்ற எண். அதில் மூன்று இல்லை, ஏழும் இல்லை. மூன்றிலொன்று என்று சொல்ல மொழியில் தடை இல்லை. ஆயின் அதற்கென இவ்வேணியில் ஒரு படி இல்லை. ஒரு வேலியை மூவர்க்குச் சமமாகப் பகுத்தால் ஒருவர்க்கு 106 முந்திரியும் ஒரு முந்திரியில் மூன்றில் இரு பங்கும் வரும். அந்த எச்சத்தைக் கீழ்முந்திரியாக்கினால் 213உம் அதில் மூன்றில் ஒரு பங்கும் எஞ்சும். அதையும் கீழிறக்கினால் மீண்டும் 106, மறுபடியும் 213. இவ்வாறு 106, 213 என மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், ஒருபோதும் முடியாது. பத்தின் அடிமானத்தில் 0.333 என முடிவின்றி நீளும் அதே நிலை, 320இன் அடிமானத்தில் இவ்வுருவம் கொள்கிறது. இத்தகைய கணக்கில் எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். 'கீழ்' படிகள் நீளுவதற்குப் பின்னங்களைப் பின்னங்களால் பெருக்குவது ஒரு காரணம். ஏணிக்குள் அடங்காத வகுத்தலைத் துரத்திச் செல்வது மற்றொரு காரணமாகலாம். எவ்வாறாயினும் நீண்ட 'கீழ்' வரிசை நுண்மைக்கு மட்டும் அடையாளமன்று. ஏணியின் போதாமைக்கும் அதுவே அடையாளம். வியப்புப் பார்வை இரண்டாவதைக் காண மறுக்கிறது.

5. நெல்லின் வழியே வந்த மூன்று

நிலக் கணக்கு மூன்றைக் கைவிட்டது. நெற்கணக்கு அதனைக் கைக்கொண்டது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இவ்வடுக்கில் குறுணி வரை ஏறினால் 8 × 8 × 5 = 320 செவிடு. ஒன்றுக்கு முந்திரி எவ்வாறோ, குறுணிக்குச் செவிடு அவ்வாறே. நில ஏணியும் நெல் ஏணியும் இவ்வெல்லை வரை ஒரே எண்ணால் ஆனவை. முந்திரியில் பயின்றவனுக்குச் செவிடு புதிதன்று. இவற்றுள் எது எதனைப் பின்பற்றியது என்பது இங்கு நம் வினா அன்று. இரண்டும் ஒத்திருப்பதால் பொன்னிலக்கத்தையும் நெல்லிலக்கத்தையும் அடுத்தடுத்துக் கற்ற மாணவன் ஒரே பின்ன அமைப்பை இருமுறை, இரு வேறு பொருளில் சந்தித்தான் என்பதே நோக்கத்தக்கது.

வேறுபாடு மேற்படியில் எழுகிறது. தூணியிலிருந்து கலத்துக்கு ஏறும்போது மூன்று நுழைகிறது. கலம் 3,840 செவிடு. இதனால் கலத்தில் மூன்றில் ஒன்று தூணி. ஆறில் ஒன்று பதக்கு. பன்னிரண்டில் ஒன்று குறுணி. நான்கில் ஒன்று முக்குறுணி. இந்த முக்குறுணி தனிக் குறி பெற்ற அளவு. 3/12 = 1/4 என்னும் நிகர் பின்னத்தை ஒரு சொல்லாகவும் ஒரு குறியாகவும் ஆக்கி வைத்த இடம் அது. மூவர்க்கு ஒரு கலம் நெல்லைப் பகுக்க எவரும் கணக்கிட வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு தூணி. எண்ணுக்குள் அடங்காத மூன்றிலொன்றை அலகை மாற்றி அடக்கிக்கொண்ட வழி இது.

இரு ஏணிகளுக்கும் இடையே கணக்கன் எவ்வாறு இயங்கினான் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சான்று. ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் உள்ள இவற்றுள், கோயில் பண்டாரத்தின் காசை ஊரார் பலிசைக்குப் பெற்ற செய்திகள் பல. சில இடங்களில் பலிசை காசாகக் கூறப்படுகிறது: ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. வேறு சில இடங்களில் நெல்லாகக் கூறப்படுகிறது: காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல். அக்கல்வெட்டுகளின் விலைப்படி காசு ஒன்றுக்கு நெல் இருகலம். இருகலம் இருபத்துநான்கு குறுணி; அதில் மூன்று குறுணி 3/24, அதாவது 1/8. ஆகவே முக்குறுணியும் அரைக்காலும் ஒரே வீதம். காசுக் கணக்கின் பாதிப்பாதி ஏணியில் இயல்பாக நிற்கும் 1/8, நெற்கணக்கின் பன்னிரண்டு ஏணியில் மூன்று குறுணியாக முழு எண்ணில் இறங்குகிறது. இரு வேறு அலகுகளில் எழுதப்பட்ட இரு வீதங்கள் நிகரானவை என்பதை அறியாமல் இவ்வேற்பாடு அமைந்திருக்க முடியாது. கடன் பெற்ற ஊர்கள் காசால் செலுத்தினும் நெல்லால் செலுத்தினும் சுமை ஒன்றே. பின்னங்களின் நிகர்மை இங்கு பள்ளிப் பயிற்சியாக அன்றி, ஊருக்கும் கோயிலுக்கும் இடையிலான நியாயமாக நிற்கிறது.

அந்நியாயத்துக்கு இன்னொரு நிபந்தனையும் வேண்டும்: குறுணி எங்கும் ஒரே குறுணியாக இருத்தல். அக்கல்வெட்டுகள் நெல்லைக் குறிக்கும்போது ஆடவல்லான் என்னும் மரக்காலைச் சொல்லி, அது இராஜகேசரியோடு ஒக்கும் என்பதையும் உடன் சொல்கின்றன. 'ஒக்கும்' என்னும் அச்சொல்லை எண் நிகர்மையின் சொல்லாகவும் கொள்ளலாம். பின்னம் நிகராவதற்கு முழுமை நிகராக வேண்டும். வேறு வேறு மரக்காலின் கால் பங்குகள் ஒன்றாகா. பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் இவ்வடிப்படையைக் கல்வெட்டு ஒவ்வொரு தொகைக்கும் திரும்பத் திரும்பப் பொறித்து வைத்தது.

6. களத்துமேட்டில் பின்னம்

இம்மரபைப் போற்றும்போது அது யாருடைய கையில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். ஓலை கணக்கனிடம், மரக்கால் நிலமுடையோரிடம். திண்ணைப் பள்ளியின் வாசல் உழைக்கும் சாதியாரில் பெரும்பாலோர்க்குத் திறக்கவில்லை. மேல்வாரம், குடிவாரம் என விளைச்சல் பகுக்கப்பட்ட களத்தில், பெறுபவர் தாம் பெற்றது சரியா என்று சரிபார்க்கும் வழி பெரும்பாலும் இல்லாதவர். அளவு ஊருக்கு ஊர் மாறியதும் அவ்வழியை மேலும் அடைத்தது. கூலி 'கலத்துக்கு இத்தனை படி' என்று பேசப்பட்ட இடத்தில் அரைப்படி என்பதும் ஒரு பின்னமே; அப்பின்னத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையின் பின்னணியில் கூலி நெல்லின் அளவு பற்றிய போராட்டமும் இருந்தது என்பதை மறந்துவிட்டுத் தஞ்சை அளவைகளைப் பற்றி எழுதுவது அறமாகாது.

சட்டமும் இக்களத்தில் பின்னத்தின் மொழியிலேயே பேசியது. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், சாகுபடி செய்யும் குத்தகைதாரர்க்கு விளைச்சலில் ஐந்தில் இரு பங்கைக் குறைந்த அளவாக உறுதிசெய்தது. 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க்கு உரிமையாளர் பங்கை நாற்பது விழுக்காடாக வரையறுத்தது. முன்னது 2/5, பின்னது 40/100. எழுத்து வேறு, அளவு ஒன்று. ஆயின் அவ்வளவு நான்கு ஆண்டு இடைவெளியில் களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. முன்பு குடிவாரத்தின் அடித்தளமாக இருந்த ஐந்தில் இரண்டு, 1956இல் மேல்வாரத்தின் உச்சவரம்பானது. மாவின் மொழியில் கூறினால் சாகுபடியாளரின் பங்கு காலே மும்மாவிலிருந்து அரையே இருமாவாக உயர்ந்தது. நிகர் பின்னத்தை அறிவதோடு, எதன் பின்னம், யாருடைய பின்னம் என்று கேட்பதும் ஒப்பீட்டின் பகுதியே என்பதை இது உணர்த்தும்.

அப்பங்கைக் களத்தில் அளந்து பார்த்தால் நெல் ஏணியின் அமைதி இன்னொரு முறை வெளிப்படும். கலத்தில் ஐந்தில் இரண்டு 1,536 செவிடு: ஒரு தூணி, ஆறு நாழி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு, ஒரு செவிடு. எச்சம் இல்லை. அடித்தட்டில் ஐந்து செவிட்டை ஓர் ஆழாக்காக வைத்ததன் பயன் இது; அந்த ஐந்து இல்லையெனில் ஐந்தில் ஒரு பங்கு எந்தப் படியிலும் நில்லாது. மேல்தட்டில் மூன்று, அடித்தட்டில் ஐந்து, நடுவெங்கும் இரண்டு. களத்தில் வரக்கூடிய பெரும்பாலான பங்குகளுக்கு இடம்விட்டுக் கட்டிய ஏணி எனலாம்.

7. வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

1957இல் பத்தின் அடிப்படையிலான நாணயமும், அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தபின் கீழ்வாயிலக்கம் பள்ளியை விட்டு நீங்கியது. அதனை மீட்டெடுத்து மீண்டும் மனப்பாடம் செய்விக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எப்பகுதியையும் ஏற்கும் இன்றைய குறியீடு மூன்றையும் ஏழையும் ஒரே தன்மையில் கையாள்கிறது. அவ்வாற்றல் முந்திரி ஏணிக்கு இல்லை.

எனினும் அவ்வேணி ஆசிரியர்க்குத் தரும் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, நிகர்மையை விதியாகச் சொல்லுமுன் இரு பெயர் பெற்ற ஒரே அளவாகக் காட்டலாம். படுகைக் கிராமங்களில் நிலத்தை இன்றும் மாவில் சொல்லும் வீடுகள் உண்டு; ஐந்து மா என்பது கால் வேலி என்று அறியும் குழந்தை 5/20 = 1/4 என்பதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. இரண்டாவது, ஒப்பிடுவதற்கு முன் சிற்றலகுக்கு இறங்குதல்: அரைக்காலும் மும்மாவும் 40, 48 என்னும் முழு எண்களானபின் ஐயம் இல்லை. பொதுப் பகுதி காணும் முறையின் காரணம் அங்கே கண்முன் நிற்கும். மூன்றாவது, ஏணி தோற்கும் இடத்தையும் காட்டுதல்: மூவர்க்கு ஒரு வேலி பகுக்க இயலாமல் 106, 213 எனத் திரும்பத் திரும்ப வருவதைக் கணக்கிட்டுப் பார்க்கும் மாணவர், முடிவுறாத் தசமம் ஏன் பிறக்கிறது என்பதைப் பாடநூல் சொல்லாமலேயே உணர்வர்.

8. முடிவுரை

கீழ்வாயிலக்கத்தை வியப்போரும் ஒதுக்குவோரும் அதன் ஓரங்களையே கண்டனர். அதன் நடுவில் நிற்பது நிகர்மை. பெயர்களுக்குள் பொதிந்த சமன்பாடுகள், 320 என்னும் முன்னரே நிறுவிய பொதுப் பகுதி, அதே 320ஐச் செவிட்டின் வழியே தாங்கிய குறுணி, மூன்றைத் தந்து ஏணியின் குறையை நிரப்பிய கலம் ஆகிய நான்கும் சேர்ந்தே தஞ்சை நாட்டின் பின்னக் கணிதம் ஆகின்றன. அரைக்கால் காசும் முக்குறுணி நெல்லும் ஒன்றே என்று கல்லில் பொறித்த கணக்கனின் கூற்று, 52,428,800,000 என்னும் எண்ணைவிட அம்மரபின் அறிவுக்குச் சிறந்த சான்று. மூன்றிலொன்றுக்கு நில ஏணியில் படி இல்லாததும், ஏணியின் அருகே வரவே பலர் விடப்படாததும் அதன் எல்லைகள். கணக்கதிகாரச் சுவடிகளின் பாடவேறுபாடுகளையும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் நெல்லிலக்கப் பட்டியல்களையும் இவ்வலிமையும் எல்லையும் ஒருசேர நினைவில் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது அடுத்த ஆய்வுக்குரிய பணியாகும்.